அரை டம்ளர் நன்னாரி

கம்ப்யூட்டருக்குக் காற்றா தண்ணீரா என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தபோது, தண்ணீர்தான் என்று முடிவு சொன்னவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மகன் முரளி இந்தக் கதையை யாருக்காவது சொல்லும்போது, கடைக்காரர் சொல்லித்தான் செய்தோம் என்று மாற்றிவிடுவான். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுகிறானாம். எனக்கு அந்த உதவி தேவையில்லை. கெட்டதோ நல்லதோ, முடிவு என்னுடையது.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதுவும் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்தை நானாகக் கூட்டிக் கூட்டிப் பழகிக்கொண்டேன். ஆனால் சூடு என்றால் என்ன, அதை எப்படி இறக்குவது என்று எனக்குச் சொல்லித்தர சித்தூரில் அன்றைக்கும் ஆள் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஊருக்கு வெளியே இருந்த ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பத்தொன்பது சீசன் வேலை பார்த்தவள் நான். கொதிக்கிற கூழை டின்னில் அடைத்து, மூடி, மறுபடியும் வேகவைத்து வெளியே எடுப்பார்கள். எடுத்த கையோடு குளிர்தொட்டியில் இறக்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் கூழ் கறுத்துப்போகும். அந்தத் தொட்டிக்கு நான்தான் மேஸ்திரி. எனக்குக் கீழே பதினான்கு பெண்கள். (என்னைக் கண்டால் பயப்படுவார்கள் என்று சொல்ல மாட்டேன். என் செருப்புச் சத்தத்தைக் கேட்டாலே பயப்படுவார்கள்.)

இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் என் மகள் கோகிலா வந்து, ஒரு பெட்டி சூடாகிறது என்று சொன்னாள்.

கோகிலா பி.காம். படித்துவிட்டு, வீட்டிலேயே உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிச் சேர்க்கிற வேலை செய்துகொண்டிருந்தாள். திருப்பதியில் ஒரு ஸ்டுடியோக்காரர் படமெடுத்து அனுப்புவார். தாலி கட்டுகிற நேரத்தில் இவள் பூமழை பெய்ய வைப்பாள், மாப்பிள்ளையின் சொட்டையில் லைட் அடிக்காமல் மறைப்பாள், சாப்பாட்டுப் பந்தியில் சண்டை போட்டவர்களை இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிடுவாள். நல்ல கைவேலை. ஆனால் மே மாதம் வந்தால் கம்ப்யூட்டர் தாங்காது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பார், குனிவார், திரை இருண்டுவிடும். அந்த வருஷம் ஒரு வாரத்தில் ஒரே பெண்ணுக்கு மூன்று தடவை தாலி ஏறாமல் போனது.

அந்தக் கல்யாணம்தான் விஷயம். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை. அவர் விமானம் ஏறுவதற்கு முன்னால் வீடியோவைக் கொடுத்துவிட்டால், வருஷம் முழுக்க வருகிற வேலையெல்லாம் கோகிலாவுக்கே என்று ஸ்டுடியோக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்க முடியாவிட்டால் பெங்களூர். முரளி அங்கே தன் ஆபீஸ் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தான்.

"அனுப்பும்மா அவள. இங்க ஏசி ரூம்ல உக்காந்துகினு வேல செய்வா. அங்க வெயில்ல கம்ப்யூட்டரும் வேகுது, அவளும் வேகறா," என்பான் போனில்.

எங்கள் தெருவில் அப்போது பிள்ளைகளைப் பெங்களூருக்கோ சென்னைக்கோ அதற்கும் மேலேயோ அனுப்பாத வீடு எங்களுடையது ஒன்றுதான் பாக்கி; பாதி பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள், முரளி போய்விட்டான். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோகிலாவும் போனால் அந்த வீட்டில் நானும் சுவரும்தான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "பொம்பளப் புள்ள தனியா அங்க எப்படி இருக்கும்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

கம்ப்யூட்டர் தாங்கினால் மகள் இருப்பாள். தாங்காவிட்டால் போவாள். கணக்கு அவ்வளவுதான்.

பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனோம். கடைக்காரர் பெயர் பாஸ்கர். நாற்பது வயது இருக்கும், நெற்றியில் சின்ன நாமம், பேச்சு பாதி தெலுங்கு பாதி தமிழ். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு சாமான்களை மேஜைமேல் வைத்தார். ஒன்று, பெரிய இரும்புச் சீப்புகளை அடுக்கி அதன்மேல் விசிறி வைத்தது. இன்னொன்று, கண்ணாடிக் குழாய், ரப்பர் டியூப், ஒரு சின்ன மோட்டார்.

"அம்மா, நா மாட்ட வினண்டி, என் பேச்சக் கேளுங்க. இது காத்துல ஆறும். கொஞ்சம் சத்தம் வரும், ஆனா தொல்ல இல்ல. வெச்சிட்டு மறந்துடலாம். அது தண்ணில ஆறும். நல்லா ஆறும். ஆனா பாத்துக்கணும்," என்றார்.

"காத்தே வெச்சிடுங்க அண்ணா," என்றாள் கோகிலா.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாஸ்கரு, டின்னு கொதிச்சிகினு வெளிய வருதுன்னு வெச்சிக்க. நீ அதுக்கு விசிறி வீசுவியா, தண்ணில இறக்குவியா?"

அவர் கோகிலாவைப் பார்த்தார். "எந்த டின்னு?"

"மாம்பழக் கூழு," என்றாள் கோகிலா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"சித்தூர் வெயில்ல காத்தே நெருப்பு. நெருப்ப வெச்சி நெருப்ப அணைப்பாங்களா? தண்ணிதான். சூட்ட எடுத்துகினு போற வேல தண்ணிக்குத்தான் தெரியும். பத்தொம்பது சீசன் பாத்தவ சொல்றேன்."

"மா, இது கூழு ஃபேக்டரி இல்லமா."

"சூடு ஒண்ணுதான்."

பாஸ்கர் கொஞ்சம் யோசித்தார். "அம்மா சொல்றதுல ஞாயம் கீது," என்றார். (அந்த ஒரு வார்த்தைக்காக அவர் பிற்பாடு எவ்வளவோ வருத்தப்பட்டார்.) தண்ணீருக்கு நிறம் வேண்டுமா என்று கேட்டார். நீலம், பச்சை, சிவப்பு. நான் சிவப்பைக் காட்டினேன். ஆரத்தித் தண்ணீரின் நிறம், வீட்டுக்கு நல்லது.

அவர் எல்லாவற்றையும் பூட்டி முடித்து, கோகிலாவிடம் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தபோது, நான் பூ வாங்க வெளியே போய்விட்டேன். தெரிந்த விஷயத்தை இன்னொரு தடவை எதற்குக் கேட்பது என்று. அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கம்ப்யூட்டரைப் பழையபடி முன் அறையில் வைத்தோம். வீட்டிலேயே குளிர்ச்சியான அறை அதுதான். அதனால்தான் என் வீட்டுக்காரரையும் அங்கே படுக்க வைத்திருந்தோம். மேஜை இருக்கிற அதே இடத்தில்தான் அவருடைய கட்டில் இருந்தது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஸ் கண்டக்டர். இருபத்தேழு வருஷம் சித்தூர் - திருப்பதி ரூட். திருப்பதியில் பஸ் நின்றதும் டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் இறங்கிப்போய் ஒரு நன்னாரி சர்பத் குடிப்பார். எலுமிச்சம்பழம் பிழிந்து, டம்ளர் வழிய. அவர் குடிக்கிற விதமே தனி. மூன்று மடக்கு, ஒரு நிறுத்தம், அப்புறம் கடைசி மடக்கு. கடைசியில் ஒரு 'ஹா'. கல்யாணமான புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருக்கும். பிற்பாடு எரிச்சலாக இருந்தது. அப்புறம் காதில் விழாமலேயே போய்விட்டது.

கடைசியில் சிறுநீரகம் கெட்டுப்போனது. தண்ணீரே ஆகாது, நாள் முழுக்கச் சேர்த்து இவ்வளவுதான் என்று டாக்டர் கையால் அளவு காட்டினார். அளவு என்று ஒருவர் சொல்லிவிட்டால் நான் விடுவேனா? வேளைக்கு அரை டம்ளர். எவர்சில்வர் டம்ளரில் ஆணியால் கோடு கீறி வைத்தேன். கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு போகாது. அவர் கெஞ்சுவார். சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் கேட்பார், ரேஷன் கார்டு விசாரிக்க வந்தவரிடம் கேட்பார். ஒருநாள் சாமி மாடத்தில் இருந்த துளசித் தண்ணீரைக் காணோம். "பெருமாள் குடிச்சிருப்பாரு," என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு. கடைசி நாள் மத்தியானமும், "சரோஜா, இன்னும் ஒரு மடக்கு," என்று கேட்டார். கோடு தாண்டிவிட்டது என்றேன். சாயங்காலம் போய்விட்டார்.

பெட்டி வந்த மூன்றாம் நாள், உச்சிவேளை. கோகிலா ஸ்டுடியோவில் ஏதோ படம் வாங்கிவரத் திருப்பதி போயிருந்தாள். கம்ப்யூட்டர் தானாக வேலை செய்யும், கை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள். தெருவில் நாய்கூட இல்லை. வெயில் வாசலில் வெள்ளையாக நின்றது. நான் கூடத்தில் புடவைத் தலைப்பை விரித்துப் படுத்திருந்தேன்.

முன் அறையில் யாரோ தண்ணீர் குடித்தார்கள்.

களக். களக். களக். ஒரு நிறுத்தம். களக். அப்புறம் மெல்ல, காற்றை விட்டதுபோல ஒரு 'ஹா'.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் பொய் எழுத எனக்கு இஷ்டமில்லை. கழுத்தில் இருந்த வேர்வை சில்லென்று ஆனது. கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தேன். கால்மணி நேரம் கழித்து மறுபடியும் அதே சத்தம். மூன்று, நிறுத்தம், ஒன்று.

அப்புறம்தான் போனேன். அறையில் ஒருவரும் இல்லை. பெட்டிக்குள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தண்ணீர் நின்றது. கடையில் மூடிவரை இருந்த தண்ணீர், இப்போது ஒரு விரற்கடை கீழே இருந்தது.

பூட்டிய குழாய். கீழே சொட்டவில்லை, தரை காய்ந்து கிடந்தது. தண்ணீர் எங்கே போனது?

கோகிலா வந்ததும் கேட்டிருக்கலாம். கேட்டால் பயந்துவிட்டாள் என்று பெயர் வரும். அதைவிட, 'அப்போ காத்தே வெச்சிருக்கலாம்' என்பாள். அதனால் நான் ஃபேக்டரி வழியில் இறங்கினேன். தொட்டியில் கசிவு இருந்தால் தண்ணீர் மட்டத்தில் அடையாளம் வைத்துப் பார்ப்போம். என் நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடிக் குழாயில், தண்ணீர் நின்ற இடத்தில் ஒட்டினேன். மறுநாள் பார்த்தேன். பொட்டுக்குக் கீழே அரை விரல் இறங்கியிருந்தது. அங்கே ஒரு பொட்டு. அதற்கு மறுநாள் இன்னொன்று.

"மா, கம்ப்யூட்டருக்கு யாரு பொட்டு வெச்சது?" என்று கேட்டாள் கோகிலா.

"நான்தான். வேல செய்யற சாமானுக்குப் பொட்டு வெக்கறதில்லையா?"

"அது ஆயுத பூஜைக்குமா. இது மே மாசம். அதுவும் மூணு பொட்டு, ஏணி மாரி."

"இருக்கட்டும்," என்றேன்.

அவளுக்கு வேலை நெருக்கடி. பூமழை பாக்கி இருந்தது. இதில் விசேஷம் என்னவென்றால், கம்ப்யூட்டர் ஒருதடவைகூட நிற்கவில்லை. தாலி ஏறியது, மெட்டி போட்டார்கள், அருந்ததி பார்த்தார்கள். என் முடிவு சரி என்று தெரு முழுக்கச் சொல்லலாம். சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் அறைக்குள் ஒருவர் தாகத்தோடு குடித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்க ஆரம்பித்த நாலாம் நாள், கோகிலா கடைக்குப் போயிருந்தபோது, எதிர்வீட்டு முனியம்மா கறிவேப்பிலைக்கு வந்தாள். கூடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா, உள்ள யாரு?"

"யாருமில்ல."

"தண்ணி குடிக்கற சத்தம் கேட்டுது."

"உனக்கும் கேட்டுதா?" என்று கேட்டுவிட்டேன்.

முனியம்மா முன் அறைக் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கறிவேப்பிலையைக் கையிலிருந்து கீழே வைத்துவிட்டாள். "மாமா படுத்திருந்த ரூம்புதான அது?" என்றாள் சின்னக் குரலில். "அன்னிக்கே நெனச்சேன் அக்கா. அந்த மனுசன் எங்கிட்டயே ரெண்டு வாட்டி தண்ணி கேட்டாரு. நீ மொறச்சிகினு நின்ன, நான் குடுக்கல. தாகத்தோட போனவங்க தண்ணி கீற எடத்துக்குத்தான் வருவாங்க. பச்சத் தண்ணி வெச்சா போறாது. அவருக்கு எது புடிக்குமோ அத குடு."

"பதினாறு நாளும் சொம்புல தண்ணி வெச்சேனே."

"நீ வெச்ச சொம்பு எம்மாஞ் சொம்பு?"

நான் வைத்தது சின்னச் சொம்புதான்.

அன்றைக்கு அவள் கறிவேப்பிலை இல்லாமலேயே போய்விட்டாள். வாசல் தாண்டுகிறவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மறுநாள் கோகிலா திருப்பதி போனதும் நன்னாரி சிரப் வாங்கிவந்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்து, பானைத் தண்ணீர் கலந்து, துணியில் வடிகட்டினேன். முதலில் டம்ளரில் ஊற்றி மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். வைத்த டம்ளர் வைத்தபடி இருந்தது. பெட்டிக்குள்ளே மட்டும் களக், களக், களக். அவருக்கு வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. பெட்டியின் தலையில் துருத்திக்கொண்டிருந்த மூடியைத் திருகினேன். ஊற்றினேன். நன்னாரியும் சிவப்பு, அதுவும் சிவப்பு. கலந்தது தெரியவேயில்லை. கடவுளே நிறம் பார்த்துக் கொடுத்ததுபோல இருந்தது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரே ஒரு 'ஹா'.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். இதை முரளி கதையில் சேர்ப்பதில்லை. அவனுக்குத் தெரியாது.

மூன்று நாள் ஊற்றினேன், கோகிலா அறையில் இல்லாத நேரம் பார்த்து. நாலாம் நாள் காலையில் எறும்பு வந்தது. ஜன்னலில் ஆரம்பித்து, சுவர் வழியாக இறங்கி, மேஜைக் காலில் ஏறி, கம்ப்யூட்டருக்குள் போகிற வரிசை. பெருமாள் கோவில் கியூகூட அவ்வளவு ஒழுங்காக நகர்ந்து நான் பார்த்ததில்லை. கோகிலா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "கம்ப்யூட்டர்ல எறும்பு இன்னாத்துக்குமா போவுது?" என்று அவள் கேட்டு முடிக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு கமறல், தொண்டையில் சளி கட்டினவர் மூச்சு இழுப்பதுபோல. ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. சிவப்பு விளக்கு அணைந்தது.

அந்தச் சத்தத்தை நான் முன்னாலும் ஒருமுறை, அதே இடத்தில் கேட்டிருக்கிறேன்.

அமெரிக்க மாப்பிள்ளையின் விமானத்துக்கு நாலு நாள்தான் இருந்தது.

பெட்டியைப் போர்வையில் சுற்றிப் பஸ்ஸில் ஏறினோம். என் மடியில்தான் வைத்துக்கொண்டேன். பஸ் பிரேக் போடும்போதெல்லாம் மடிக்குள் களக் என்றது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். அவர் இருபத்தேழு வருஷம் போன அதே ரோட்டில் அவரை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கண்டக்டர் வந்து, "இதுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்," என்றார். அந்த நிலையிலும் எனக்குக் கோபம் வந்தது. "இவருக்கு பஸ்ல டிக்கெட் கெடையாது தம்பி," என்றேன். கோகிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சந்திரகிரி தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

பாஸ்கர் போர்வையை அவிழ்த்தார். மூடியைத் தொட்டார். அவர் விரல் ஒட்டிக்கொண்டது. மோந்து பார்த்தார். முகம் மாறியது. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார்.

"அம்மா, இது நன்னாரி," என்றார்.

"அப்படியா," என்றேன்.

இன்னொரு சொட்டு. "நிம்மரசமும் கீது, எலுமிச்ச."

"கம்பெனியில இருந்தே அப்படி வந்திருக்கும்."

அவர் மோட்டாரைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினார். மேஜைமேல் ஒரு எலுமிச்சை விதை விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் இரண்டு தடவை வடிகட்டினேன். அது எப்படித் தப்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மா," என்றாள் கோகிலா.

"உங்க நைனா தண்ணி கேட்டாரு," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: உச்சிவேளை, மூன்று மடக்கு, பொட்டு, முனியம்மா. பாஸ்கர்தான் மெதுவாக விளக்கினார். புதிதாகத் தண்ணீர் ரொப்பினால் டியூபுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டர் கடினமாக வேலை செய்யும்போது மோட்டார் வேகமாகச் சுற்றும், காற்று குமிழியாக வெளியே வரும். களகளவென்று சத்தம் கேட்கும். காற்று வெளியே போகிற அளவுக்குத் தண்ணீர் கீழே இறங்கும். பத்து நாளில் தானாக அடங்கிவிடும்.

"பாப்பாகிட்ட அன்னிக்கே சொன்னேனே. நீங்க பூ வாங்கப் போயிருந்தீங்க," என்றார்.

நான் மூடியைச் சரியாக இறுக்கவில்லையாம். சர்பத் வழிந்து உள்ளே இருந்த சர்க்யூட் பலகைமேலெல்லாம் ஓடி, எலுமிச்சைப் புளிப்பில் அது வெந்துபோயிருந்தது. படங்கள் இருந்த டிஸ்க் மட்டும் பிழைத்தது.

கோகிலா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அந்த விதையைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோமா ஊத்தினே?"

"நாளுக்கு அர டம்ளர்."

"அர டம்ளர்னா?"

"அந்தக் கோடு கீதே, அதுவரிக்கும். டாக்டர் சொன்ன அளவு."

அவள் நிமிர்ந்தாள். "செத்த அப்புறமும் அளந்தா ஊத்தினே?"

இப்போது நினைத்தால் எனக்கே தாங்க முடியவில்லை. உயிர் போன மனுஷன், சிறுநீரகம் போன இடத்தில் புல் முளைத்த மனுஷன், தாகமெடுத்து ஒரு இரும்புப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று முழுசாக நம்புகிறேன். நம்பிக்கொண்டே கோடு தாண்டாமல் ஊற்றியிருக்கிறேன். உடம்புக்கு ஆகாதே என்று.

முதலில் பாஸ்கர்தான் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். அப்புறம் கோகிலா. சிரித்து, சிரித்து, கண்ணைத் துடைத்து, துடைத்தது நிற்கவில்லை. "நைனா பாவம்மா," என்றாள். என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். கடைக்கு வந்த ஒருவர் வாசலிலேயே நின்று, கம்ப்யூட்டர் செத்ததற்கு இவ்வளவு அழுகையா என்று பார்த்துவிட்டுப் போனார்.

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவிலேயே மூன்று நாள் உட்கார்ந்து அவள் வேலையை முடித்தாள். விமானத்துக்கு முதல் நாள் வீடியோ கைக்குப் போனது. ஸ்டுடியோக்காரர் நன்றாக இருக்கிறது என்றார், தாலி கட்டுகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆனால் வருஷம் முழுக்க வேலை என்ற பேச்சை எடுக்கவில்லை. "உன் கையி நல்ல கையிமா. வீட்டுல கீற மிஷின நம்பி எப்படி குடுக்கறது?" என்றார். நன்னாரி விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. திருப்பதியில் பாதிப் பேர் காதுக்குப் போயிருந்தது.

ஜூன் மாதம் கோகிலா பெங்களூர் போனாள். முரளி வந்து அழைத்துப்போனான். போனவருக்குத் தண்ணீர் கொடுக்கப்போய், இருந்தவளை அனுப்பிவிட்டேன் என்று முனியம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். அவள், "நீ அளந்து ஊத்தாம இருந்திருந்தா மாமா ஏதாச்சும் செஞ்சிருப்பாரு," என்றாள். அவளிடம் ஆறுதல் கேட்டது என் தப்பு.

எட்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் என் கையில் சாம்பார் வாளியைக் கொடுப்பதில்லை. "பெரீம்மா வேணாம், செத்தவங்களுக்கே கோடு போட்டு ஊத்தனவங்க, நம்பளுக்கு இன்னா ஊத்துவாங்க," என்று இலையில் உட்கார்ந்தவர்களே சொல்கிறார்கள். முரளியின் மனைவி கன்னடத்தில் தன் அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது நானே பக்கத்தில் உட்கார்ந்து விட்டுப்போனதை எடுத்துக் கொடுக்கிறேன். பெருமையாகத்தான் இருக்கிறது. எத்தனை பேருக்கு மூன்று பாஷையில் ஒரு கதை இருக்கிறது?

போன வருஷம் கோகிலா தனக்கென்று வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போவதாகப் போன் செய்தாள்.

"மா, காத்தா தண்ணியா? நீ சொல்லு."

"காத்து," என்றேன். யோசிக்கவே இல்லை.

"தண்ணி சொல்லிட்டேம்மா."

"இன்னாத்துக்குடி? தொல்ல புடிச்சது."

"இந்த வீட்டுல சத்தமே இல்லமா," என்றாள்.

பெட்டி வந்த அந்த வாரமே கோடைக்கு அவளிடம் போயிருந்தேன். எட்டாவது மாடி. மத்தியானம். எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள், நான் கட்டிலில் படுத்திருந்தேன். களக், களக், களக். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். களக்.

கோகிலா திரும்பவில்லை. கை தட்டச்சு அடித்துக்கொண்டே இருந்தது.

"சர்பத் கலக்கும்மா," என்றாள். "டம்ளர் ரொம்ப ஊத்து. டாக்டரு ஊர்ல இல்ல."

எழுந்துபோய்க் கலக்கினேன். இரண்டு டம்ளர், விளிம்பு வழிய. பெட்டிக்கு எட்டாத தூரத்தில் வை என்று அவள் சொன்னாள், வைத்தேன். ஒன்றை அவள் குடித்தாள். இன்னொன்றை ரொம்ப நேரம் இரண்டு பேரும் தொடவில்லை.